சேயாற்றங்கரையில் ஒரு பழந்தமிழ் நடைப்பயணம்

முழுநிலா நாளில் திருவண்ணாமலைக்குச் சென்றிருக்கிறீர்களா? ஊரே நடந்துகொண்டிருக்கும். மலையைச் சுற்றியுள்ள 14 கிலோமீட்டர்ப் பாதையில் முதியோரும் சிறுவரும் வெறுங்காலுடன் இரவு முழுதும் நடப்பார்கள். தமிழ்நாட்டில் மிகப் பலர் நடக்கும் பாதைகளில் அதுவும் ஒன்று.

அந்தப் பாதையை விட்டுவிட்டு, இன்று நாம் வேறு ஒரு பாதையில் செல்வோம். திருவண்ணாமலையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் செங்கம் என்னும் ஊர் இருக்கிறது. சவ்வாது மலையில் பிறந்து வரும் செய்யாறு இவ்வூர் வழியாக ஓடுகிறது. இந்த ஆற்றுப் பள்ளத்தாக்கையும் சுற்றியுள்ள மலைகளையும் கடந்து செல்லும் நடைவழி ஒன்றைத் தமிழ்ப் புலவர் ஒருவர் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விரிவாக எழுதி வைத்திருக்கிறார். வழியில் எங்கே கால் வழுக்கும், எங்கே பொறி இருக்கும், எங்கே தங்கலாம், யார் உணவு தருவார், வழி தவறினால் என்ன செய்ய வேண்டும் என்பவற்றையெல்லாம் அவர் சொல்கிறார்.

இது வெறும் கற்பனையா, கண்ட செய்தியா? இலக்கியம் சொல்வதை நிலத்தில் வைத்துச் சோதிக்க முடியுமா? வாருங்கள், நடந்துகொண்டே ஆராய்வோம்.

வழி சொல்லும் நூல்

அந்நூலின் பெயர் மலைபடுகடாம். பத்துப்பாட்டில் பத்தாவதாக அமைந்தது; 583 அடிகள் கொண்டது. இயற்றியவர் பெருங்கௌசிகனார். பாடப்பெற்றவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மா என்னும் ஊரை ஆண்ட நன்னன் சேய் நன்னன். நூலின் காலம் கி.பி. முதல் மூன்று நூற்றாண்டுகளுக்குள் அடங்கும் என்பது அறிஞர் பலர் கருத்து. ஏடுகளில் மறைந்து கிடந்த பத்துப்பாட்டை உ. வே. சாமிநாதையர் நச்சினார்க்கினியர் உரையுடன் 1889ஆம் ஆண்டு அச்சிட்டு வெளியிட்டார். அதன் பிறகே இந்த வழியைப் பலரும் அறிய முடிந்தது.

நூலின் பெயரே ஓர் அழகிய எண்ணத்திலிருந்து பிறந்தது. புலவர் மலையை ஒரு யானையாகக் கண்டார். மதம் கொண்ட யானையிடமிருந்து கடாம், அதாவது மதநீர், வழியும். அதுபோல மலையிலிருந்து ஓயாமல் பல்வகை ஒலிகள் வழிகின்றன என்றார். அருவி விழும் ஒலி, விலங்குகளின் குரல், தினைப்புனம் காப்போர் எழுப்பும் ஓசை, தினை குற்றும் பெண்களின் பாட்டு என அவற்றை வரிசையாக எண்ணிச் சொல்கிறார்.

இந்நூலுக்குக் கூத்தராற்றுப்படை என்று இன்னொரு பெயரும் உண்டு. ஆறு என்றால் வழி. படுத்தல் என்றால் செலுத்துதல். நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கூத்தர் கூட்டத்தைப் பார்த்து, ‘நீங்களும் அவனிடம் செல்லுங்கள், வழி இப்படி இருக்கும்’ என்று சொல்வதாக நூல் அமைந்திருக்கிறது. நடந்து வந்தவன் நடக்கப் போகிறவனுக்குச் சொல்லும் செய்தி என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மலையேறுவோர் எல்லா நாட்டிலும் இன்றும் இதைத்தான் செய்கிறார்கள். எதிரே இறங்கி வருபவரிடம் ‘மேலே வழி எப்படி?’ என்று கேட்கிறார்கள்.

இடம் இதுதான் என்று எப்படித் தெரியும்?

இந்த வழி செங்கம் வட்டாரத்தில்தான் இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும் என நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரே ஒரு பெயர் ஒத்திருந்தால் அது தற்செயலாக இருக்கலாம். பல பெயர்கள் ஒரே இடத்தில் ஒத்து வந்தால்?

முதலாவது ஊர். செங்கண்மா என்ற பெயர் சுருங்கிச் செங்கம் ஆயிற்று. இரண்டாவது ஆறு. நூல் சேயாறு என்று குறிப்பிடுவதை நாம் இன்று செய்யாறு என்கிறோம். மூன்றாவது நாட்டுப் பிரிவு. பல்குன்றக் கோட்டம், அதாவது பல குன்றுகள் உள்ள கோட்டம், என்பது தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்று. இப்பெயர் பிற்காலக் கல்வெட்டுகளிலும் வருகிறது. நான்காவது மலை. நன்னனின் மலை நவிரம். அதன்மேல் உறையும் கடவுள் காரியுண்டிக் கடவுள், அதாவது நஞ்சுண்ட சிவன், என்கிறது நூல். செங்கத்துக்கு வடகிழக்கே தலை நிமிர்ந்து நிற்கும் பருவத மலையே நவிரம் என்று அறிஞர்கள் கொள்கின்றனர். அதன் உச்சியில் இன்றும் சிவன் கோயில் இருக்கிறது. தென்மாதிமங்கலம் பக்கத்திலிருந்து ஏறினால், படிகளுக்குப் பிறகு செங்குத்தான பாறை வரும். அங்கே பாறையில் அறைந்த இரும்புக் கம்பிகளையும் சங்கிலிகளையும் பற்றித்தான் மேலே செல்ல வேண்டும்.

ஆக, ஊர், ஆறு, கோட்டம், மலை ஆகிய நான்கும் ஒரே வட்டாரத்தைச் சுட்டுகின்றன.

பழைய நூலைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைத் தேடுவது உலகில் பிற இடங்களிலும் நடந்திருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பாசேனியஸ் என்பவர் கிரேக்க நாடெங்கும் சென்று வழிகளையும் கோயில்களையும் கல்லறைகளையும் பற்றி எழுதினார். மைசீனி நகரத்தில் பழைய மன்னர்களின் கல்லறைகள் இருக்கும் இடம் பற்றி அவர் எழுதிய குறிப்பை நம்பி, செர்மானியரான சிலீமன் 1876இல் மதிலுக்கு உட்புறம் தோண்டினார். பொன் முகமூடிகளுடன் கூடிய கல்லறைகள் வெளிப்பட்டன. அவை சிலீமன் எண்ணிய மன்னர்களுடையவை அல்ல, அவர்களுக்கும் முற்பட்டவை என்று பின்னர் தெரிந்தது. நூல் இடத்தைக் காட்டும். காலத்தையும் பொருளையும் மண்ணைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். இந்தப் பாடத்தை நாமும் மறக்கக் கூடாது.

மலைவழியின் விதிகள்

இனி வழியில் இறங்குவோம். கூத்தன் சொல்லும் அறிவுரைகள் பல. அவற்றுள் சிலவற்றை இன்றைய அறிவியலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம்.

‘இருட்டில் நடக்காதீர்கள், பொழுது விடிந்த பிறகு செல்லுங்கள்’ என்பது ஒரு விதி. தினைப்புனங்களை அழிக்கும் காட்டுப் பன்றிகளைப் பிடிக்க, அவை வரும் வழிகளில் பெருங்கல்லை நிறுத்திப் பொறி வைத்திருப்பார்கள். பன்றிக்கு வைத்த பொறி மனிதனையும் நசுக்கும். பகலில் பொறி தெரியும், இரவில் தெரியாது. விலங்கு நடக்க எளிதான வழியையே மனிதனும் தேர்ந்துகொள்வதால்தான் இந்த ஆபத்து. உலகின் பல மலைப் பாதைகள் முதலில் விலங்குகள் நடந்து உண்டான தடங்களே.

அடுத்தது கவண்கல். புனங்காவலர் யானையை விரட்டப் பரண்மேல் நின்று கவணால் கல் எறிவார்கள். குறி தவறிய கல் காட்டைக் கிழித்துக்கொண்டு வரும். ஆகவே மரங்களை மறைவாகக் கொண்டு செல்லுங்கள் என்கிறான் கூத்தன்.

மூன்றாவது, வழுக்கு நிலம். நீர் கசியும் பாறைமேல் நுண்ணிய பாசி படர்ந்து காலை இடறச் செய்யும் இடங்களில், அருகில் வளர்ந்துள்ள சிறு மூங்கிலையும் நாணற் கோல்களையும் பற்றிக்கொண்டு கடக்கச் சொல்கிறான். ஏன் மூங்கிலும் நாணலும்? காலுக்கும் பாறைக்கும் இடையே உள்ள உராய்வுதான் நம்மை நிறுத்துகிறது. பாசிப் படலம் அந்த உராய்வைப் பெரிதும் குறைத்துவிடும். அப்போது கைப்பிடி ஒன்று தேவை. தனியாக நிற்கும் இளஞ்செடியைப் பற்றினால் வேரோடு வந்துவிடும். மூங்கிலும் நாணலும் அப்படியல்ல. அவற்றின் மட்டத் தண்டுகள் மண்ணுக்குள் பக்கவாட்டில் ஓடி ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், ஒரு கோலைப் பற்றினால் ஒரு புதரே நம்மைத் தாங்கும். கூத்தனுக்கு உராய்வுக் கெழு தெரியாது. ஆனால் எதைப் பற்ற வேண்டும் என்று தெரிந்திருந்தது.

நான்காவது விதிதான் எல்லாவற்றிலும் வியப்பானது. குறவர்களே வழி மயங்கும் அடர்ந்த மலைப்பகுதியில் நீங்கள் அகப்பட்டுக்கொண்டால் என்ன செய்வது? ‘மேலும் நடக்காதீர்கள். அகன்ற பாறை ஒன்றில் எல்லாரும் ஒன்றாகக் கூடி, உங்கள் இசைக்கருவிகளை முழக்குங்கள். அவ்வொலியைக் கேட்டுக் கானவர் வந்து கனிகளைத் தந்து வழியும் காட்டுவர்’ என்கிறான்.

நில், சேர்ந்திரு, திறந்த இடத்தில் இரு, ஒலி எழுப்பு. இன்று எந்த மலையேற்றப் பயிற்சியிலும் முதலில் கற்பிக்கப்படும் பாடம் இதுவே. வழி தவறியவர் பதற்றத்தில் நடந்துகொண்டே இருந்தால், தேடுபவர்களிடமிருந்து விலகிச் செல்கிறார். நின்றுவிட்டால் தேட வேண்டிய பரப்பு குறைகிறது. கூத்தர்கள் கையில் முழவு இருந்தது. இன்று ஊதல் இருக்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

காட்டில் ஒளியைவிட ஒலி உதவுவது ஏன்? விநாடிக்கு 100 முறை அதிரும் முழவொலியின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர். ஓர் அடி பருமனுள்ள மரம் அதற்கு ஒரு பெரிய தடையே அல்ல. அது மரங்களைச் சுற்றி வளைந்து சென்றுவிடும். உச்சத் தொனிகளின் அலைநீளமோ சில சென்டிமீட்டர். அவற்றை இலைகள் சிதறடித்துவிடும். ஒளியின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைவு. ஒரே ஓர் இலை அதை மறைத்துவிடும். ஆகவே அடர்ந்த காட்டில் விளக்கைக் காட்டுவதைவிட முழவைக் கொட்டுவது மேல். பல்வேறு ஒலிகளைக் கேட்டுப் பழகிய மலைவாழ் மக்களுக்கு, பழகாத முழவொலி உடனே தனித்துத் தெரியும். மலையின் ஒலிகளை ஏன் புலவர் அவ்வளவு நீளமாக எண்ணிச் சொன்னார் என்பது இப்போது இன்னும் நன்றாக விளங்குகிறதல்லவா? மலையில் செவியும் ஒரு வழிகாட்டி.

கவலையும் கல்லும்

பழந்தமிழில் கவலை என்றால் வழி பிரியும் இடம். இரண்டு வழி பிரியும் இடத்தில் நிற்பவனுக்கு எது நம் வழி என்ற கவலை வருவது இயல்புதானே!

கூத்தன் இதற்கு இரண்டு அடையாளங்களைச் சொல்கிறான். ஒன்று, நடப்பவர்கள் வைக்க வேண்டியது. ‘இந்த நிலத்துக்கு நீங்கள் புதியவர்கள். வழி பிரியும் இடத்தைத் துடைத்துத் துலக்கி, புல்லை முடிந்து வையுங்கள்’ என்கிறான். பின்னால் வருபவர் முடிச்சைக் கண்டு சரியான வழியை அறிவர். மலைநாடுகள் பலவற்றில் வழிப்போக்கர்கள் கல்லின்மேல் கல்லாகச் சிறு குவியல் வைத்துச் செல்வதும் இதே நோக்கத்தோடுதான்.

மற்றொன்று, ஏற்கெனவே வழியில் இருப்பது. பிரியும் வழிகளில் மராமரத்தின் அடியில், செல்லும் இடத்தின் பெயரை அறியும்படி எழுத்துப் பொறித்த கல் நிற்கும் என்றும், போரில் மாண்ட வீரர்களின் பெயரோடு நட்ட கற்கள் பல வழியெங்கும் உள்ளன என்றும் நூல் சொல்கிறது. அந்த நடுகற்களின் முன் இசைத்து வணங்கிச் செல்லுமாறு கூத்தர்களுக்கு அறிவுரையும் தருகிறது.

இங்கேதான் ஆராய்ச்சியாளர்களுக்கு நெடுநாள் ஒரு சிக்கல் இருந்தது. சங்க நூல்கள் பெயர் பொறித்த நடுகற்களைப் பற்றிப் பேசுகின்றன. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை நடுகல் நிறுத்தும் ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துச் சொல்கிறது. ஆனால் கண்டெடுக்கப்பட்ட எழுத்துள்ள நடுகற்கள் எல்லாம் சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்டவையாகவே இருந்தன. அப்படியானால் புலவர்கள் கண்டது என்ன?

விடை 2006ஆம் ஆண்டு கிடைத்தது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த மூன்று நடுகற்களைக் கண்டனர். அவற்றுள் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த வீரனுக்கு எடுத்தது. அவை கிறித்துவுக்கு முற்பட்டவை என்று எழுத்தமைதியைக் கொண்டு ஆய்வாளர்கள் கணித்தனர். புலவர் சொல் பொய்யல்ல என்பதைக் கல் வந்து சொல்லிற்று!

செங்கத்து நடுகற்கள்

செங்கம் வட்டாரத்துக்குத் திரும்புவோம். தமிழ்நாட்டில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதிகளில் இதுவும் ஒன்று. மாநிலத் தொல்லியல் துறை இவ்வட்டாரத்தில் ஊர் ஊராகத் தேடி, ‘செங்கம் நடுகற்கள்’ என்ற நூலை 1972இல் வெளியிட்டது. அப்போது இப்பகுதி வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் தோன்றியது 1989இல்தான். பல்லவ மன்னர்களான சிம்மவிட்டுணு, மகேந்திரவர்மன் ஆகியோரின் ஆட்சியாண்டுகளைக் குறிக்கும் கற்கள் இவற்றுள் உள்ளன. பெரும்பாலானவை வட்டெழுத்தில் அமைந்தவை. தமிழ் பிராமியிலிருந்து வட்டெழுத்து எப்படி வளர்ந்தது என்பதைப் படிப்படியாகக் காண்பதற்கு இக்கற்கள் பெரிதும் துணை செய்கின்றன.

இவற்றுள் ஒன்று உங்கள் நெஞ்சைத் தொடும். தண்டராம்பட்டு வட்டத்து எடத்தனூரில் உள்ள கல் அது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கருந்தேவகத்தி என்னும் வீரன் தன் எருமைகளைக் காக்கும் முயற்சியில் உயிர் நீத்தான். கல்லில் அவன் உருவம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வரைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. மன்னர்களின் வெற்றியைச் சொல்லும் கல்வெட்டுகள் ஆயிரம் உண்டு. ஒரு மாட்டுக்காரனின் நாய்க்கும் பெயர் எழுதி வைத்த கல் எத்தனை உண்டு?

இவ்வட்டாரத்து மக்கள் நடுகற்களை வேடியப்பன் என்ற பெயரில் வணங்குகிறார்கள். எழுத்து மறந்துபோனது, வீரன் பெயர் மறந்துபோனது, வணக்கம் மட்டும் மறக்கவில்லை. கூத்தன் சொன்ன பழக்கத்தின் எச்சம் இன்றும் வயல்வெளியில் வாழ்கிறது என்று சொன்னால் தவறாகாது.

மலையிலிருந்து வயலுக்கு

நூல் சொல்லும் வழியில் இன்னொரு சான்றும் ஒளிந்திருக்கிறது. அது உணவு.

மலைமேல் குறவர் வீட்டில் தினைச் சோறும் இறைச்சியும் கிடைக்கின்றன. கீழே இறங்கி மேய்ச்சல் நிலத்தை அடைந்தால் கோவலர் பால் தருகிறார்கள். காட்டுப் பகுதியில் மூங்கில் அரிசியும் அவரை விதையும் புளியும் சேர்த்துச் சமைத்த உணவு. பின்னர் வயல்வெளி வந்தால் வெண்ணெல் சோறும் மீனும். அதன் பிறகு சேயாறு. ஆற்றங்கரையில் நன்னனின் ஊர்.

இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். மேலே சரிவு, கல் நிலம், குறைந்த நீர்: தினை. இடையில் புல்வெளி: கால்நடை. கீழே ஆற்று வண்டல், தேங்கும் நீர்: நெல். உயரம் குறையக் குறைய மண்ணின் ஆழமும் நீரும் கூடுகின்றன, உணவும் மாறுகிறது. புவியியல் மாணவர்கள் மலையுச்சியிலிருந்து ஆறு வரை வரையும் குறுக்குவெட்டுப் படம் போலவே இது இருக்கிறது. வீட்டிலிருந்தபடி கற்பனை செய்பவர் உணவின் பெயர்களை அடுக்கலாம். அவற்றை நிலத்தின் சரிவுக்கு ஏற்ற முறையில் அடுக்க, நிலத்தை அறிந்திருக்க வேண்டும்.

ஆற்றை அடைந்த பின் தரும் அறிவுரையும் கவனிக்கத்தக்கது. குயவனின் சக்கரம் போலச் சுழித்து நுரையோடு விரையும் சேயாற்றை அடைந்தால், அதன் ஒரு கரையையே பற்றிக்கொண்டு செல்லுங்கள் என்கிறான் கூத்தன். மலையாறுகள் மேற்பகுதியில் பெய்யும் மழையால் திடீரெனப் பெருகும். நீங்கள் நிற்கும் இடத்தில் வானம் தெளிவாக இருந்தாலும் வெள்ளம் வரலாம். முழங்காலளவு நீரும் வேகமாக ஓடினால் ஆளைச் சாய்த்துவிடும். கரையோடு சென்றால் ஆபத்தும் இல்லை, வழி தவறவும் வாய்ப்பில்லை. சேயாறு கீழே சென்று காஞ்சி நாட்டுத் திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. ஆற்றோடு நடப்பவன் எப்படியும் ஊரை அடைவான்.

கணவாய் ஏன் முக்கியம்?

நன்னனின் ஊர் இவ்விடத்தில் அமைந்ததற்குக் காரணம் உண்டு. வடக்கே சவ்வாது மலை, தெற்கே கல்வராயன் மலை. இரண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தவை. சார்னோக்கைட், நைசு முதலிய மிகப் பழைய பாறைகளால் ஆனவை. இவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. இவ்விரு மலைகளுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் செங்கம் கணவாய். கிழக்கே கடற்கரைச் சமவெளியிலிருந்து மேற்கே மேட்டுநிலத்துக்குச் செல்வோர் மலையேறாமல் கடக்க இது வசதியான வாயில். கணவாயைக் கையில் வைத்திருப்பவன் வணிகத்தையும் படைகளையும் கையில் வைத்திருப்பான்.

சங்க காலத்திலேயே இப்பகுதிகளின் அரசியல் விரிவானது என்பதற்குத் தென்பெண்ணைக் கரையில் ஒரு சான்று கிடைத்தது. திருக்கோவலூருக்கு அருகே உள்ள சம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறிந்த தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி குகைத் தங்குமிடம் ஒன்றைக் கொடையாக அளித்ததைக் கூறுகிறது. தகடூரை ஆண்ட மன்னனின் பெயர் இங்கே எப்படி வந்தது? தகடூர் இன்றைய தருமபுரி. மேட்டுநிலத்துக்கும் சமவெளிக்கும் இடையே ஆற்றுப் பள்ளத்தாக்குகளின் வழியாக மக்கள் நடமாட்டம் இருந்தது என்பதை இக்கல்வெட்டு உணர்த்துகிறது.

நூற்றாண்டுகள் பல கடந்தன. கணவாய் தன் மதிப்பை இழக்கவில்லை. 1767 செப்டம்பர் 3ஆம் நாள், ஐதர் அலியும் ஐதராபாத் நிசாமும் சேர்ந்து நடத்திய படையும், கர்னல் சுமித்து தலைமையிலான ஆங்கிலக் கும்பினிப் படையும் செங்கம் கணவாயில் மோதின. முதல் மைசூர்ப் போரின் தொடக்கக் கட்டம் அது. திருவண்ணாமலையை நோக்கிச் சென்றுகொண்டிருந்த கும்பினிப் படையை இக்கணவாயில் மடக்குவதே ஐதரின் நோக்கம். அதே மாத இறுதியில் திருவண்ணாமலையிலும் போர் மூண்டது. கூத்தர்கள் யாழோடு நடந்த வழியில் பீரங்கிகள் உருண்டன. இன்று அதே இடைவெளியில் புதுச்சேரியையும் கிருட்டிணகிரியையும் இணைக்கும் நெடுஞ்சாலை செல்கிறது. மனிதர்கள் மாறினார்கள், நிலம் காட்டிய வழி மாறவில்லை.

நீங்கள் நடக்கும்போது

மாணவ நண்பர்களே! இதைப் படித்ததும் மலையேற வேண்டும் என்ற ஆவல் உங்களுக்கு எழும். எழ வேண்டும். ஆனால் கூத்தனின் பொறுமையோடு செல்லுங்கள்.

முதலில் கணக்கு. 1892இல் ஸ்காத்லாந்து மலையேறியான நெய்சுமித்து ஓர் எளிய விதியைச் சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம். 6 கிலோமீட்டர் நடந்து 600 மீட்டர் ஏற வேண்டுமானால் 2 மணி 12 நிமிடம் ஆகும். நம் ஊர் வெயிலுக்கும், ஓய்வுக்கும், தண்ணீர் குடிக்கவும் இன்னும் ஒரு மணி சேர்த்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் இறங்கிவிடும்படி புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

காட்டுப் பகுதிகளில் வனத்துறையின் அனுமதி இன்றிச் செல்லக் கூடாது. பெருமழைக் காலத்தில் மலைச்சரிவுகளில் நிற்கவும் கூடாது. 2024 டிசம்பர் 1ஆம் நாள், பெஞ்சல் புயலின் பெருமழையில் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு உயிர்கள் மாண்டதை நாம் மறக்க முடியாது. பாறை அசையாதது என்று நினைக்கிறோம். ஆனால் பாறையின் வெடிப்புகளிலும் அதன் அடியிலுள்ள மண்ணிலும் நீர் நிறைந்ததும் பிடிமானம் குறைந்து, எடை கூடி, சரிவு முழுவதுமே இறங்கத் தொடங்கிவிடும். மலைக்கு அஞ்ச வேண்டியதில்லை. அதன் குறிப்பை அறிந்து நடக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வழியில் ஒரு நடுகல்லைக் கண்டால் என்ன செய்வீர்கள்? எழுத்து தெரியவேண்டும் என்று கம்பியால் சுரண்டாதீர்கள். சுண்ணாம்போ வண்ணமோ பூசாதீர்கள். பாதுகாக்கிறோம் என்று எண்ணி வேறு இடத்துக்குத் தூக்கிச் செல்லாதீர்கள். நடுகல் சொல்லும் செய்தியில் பாதி அதன் எழுத்திலும், மறுபாதி அது நிற்கும் இடத்திலும் இருக்கிறது. ஆநிரை எந்த வழியாகக் கவரப்பட்டது, வீரன் எங்கே அதை மறித்தான், பழைய வழி எங்கே பிரிந்தது என்பதையெல்லாம் இடம்தான் சொல்லும். இடம் பெயர்ந்த கல் பாதி ஊமையாகிவிடுகிறது. சாலை அகலமாகும்போதும், வயல் சமன்படும்போதும், கல்குவாரி விரியும்போதும் இப்படி ஊமையாகக்கூடிய கற்கள் நம் ஊர்களில் இருக்கின்றன.

ஆகவே ஒரு குறிப்பேடு எடுத்துச் செல்லுங்கள். கல் எந்த ஊரில், எந்தத் திசை நோக்கி, எந்த மரத்தருகே, எந்தப் பாதையோரம் நிற்கிறது என்று எழுதுங்கள். அளந்துகொள்ளுங்கள், படம் எடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் அந்தக் கல்லை என்ன பெயரால் அழைக்கிறார்கள், எந்த நாளில் வணங்குகிறார்கள் என்று கேளுங்கள். பிறகு மாவட்டத்தின் தொல்லியல் அலுவலருக்கோ அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள். இப்படிக் கிடைக்கும் குறிப்புகள் சேரும்போதுதான் பழைய வழி முழுமையாகத் துலங்கும்.

கூத்தன் பரிசு பெற்றுத் திரும்பியவன். தன் வயிறு நிறைந்தது என்று அவன் பேசாமல் போயிருக்கலாம். எதிரே வந்தவர்களை நிறுத்தி, எங்கே வழுக்கும், எங்கே தங்கலாம், எங்கே புல்லை முடிந்து வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அதனால்தான் அந்த வழி நமக்குக் கிடைத்தது. நீங்கள் எழுதும் குறிப்பும் அப்படி ஒரு புல் முடிச்சுதான். பின்னால் வருபவர் அதைக் கண்டு வழி அறிவார்.